குறைக்க முடியாத நூறு

இதைச் சொல்ல உட்கார்ந்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அமைதியாகச் சொல்லலாம் என்று இரண்டு முறை முயன்றேன். படித்துப் பார்த்தால் எங்கள் அலுவலக அறிக்கை மாதிரியே இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான் மேம்பாட்டு அலுவலகத்தில் ஜீப் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருடமாகிறது. அதில் பதினெட்டு வருடம் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவர் எங்கள் புள்ளிவிவர உதவியாளர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட நான்கு வயது மூத்த காவலாளிக்கும் அக்காதான். ஒல்லியான உடம்பு, பெரிய குரல், தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. தையல்காரரான அவர் கணவர் தைத்துக் கொடுத்த பை அது. உள்ளே படிவத்தை வைத்து எழுத ஒரு எழுத்து அட்டை, இரண்டு பேனா, குடை, ஒரு பழைய நோட்டு.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் அக்காவை ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே 'வளர்ச்சி நிர்வாகம்' என்று ஒரு பாடம். வரி வாங்குவதும் கோப்பைக் கட்டிக் காப்பதும் பழைய நிர்வாகம். மக்களின் வாழ்க்கையை மாற்றுவதற்காகவே நடத்தப்படுவது வளர்ச்சி நிர்வாகம். விதி பயனுக்காக இருக்கிறது, பயன் விதிக்காக அல்ல. திட்டம் போடும் இடத்தில், அந்தத் திட்டத்தோடு வாழப்போகிறவர்களும் உட்கார வேண்டும். இப்படியெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டார்களாம். இருபத்துநான்கு வயதுப் பெண் அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு வந்தார். எழுதியதோடு விட்டிருக்கலாம். நம்பவும் செய்தார்.

"பாதிப் பேரு அந்த வகுப்புல தூங்கினாங்கப்பா. நானும் தூங்கியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்" என்பார் என்னிடம்.

மாதக் கடைசியில் முன்னேற்ற அறிக்கை அனுப்புவதுதான் அவருடைய வேலை. எங்கள் பகுதியில் முப்பத்தொரு தெருக்கள். எந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்குக் குழாய், எத்தனை வீட்டுக்குக் கழிப்பறை, எத்தனை கம்பத்தில் விளக்கு என்று விசாரித்து, தலைமை அலுவலகம் கணினியில் வைத்திருக்கும் படிவத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் கூடத்தில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையிலும் சதவீதத்தை எழுத வேண்டும். அக்காவின் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

ஐந்து வருடம் முன்பு புது அதிகாரி வந்தார். சின்ன வயது, மடிப்புக் கலையாத சட்டை. அக்கா ஆறு வாரம் படித்த அதே பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். முதல் கூட்டத்திலேயே சொன்னார்: "வளர்ச்சி நிர்வாகத்தோட உயிரே இலக்குதான். வருஷக் கடைசிக்குள்ள முப்பத்தொரு தெருவும் குழாய்ல நூறு தொடணும். முதல்ல தொடுற பகுதிக்குக் கேடயம் தர்றாங்க."

அக்கா எழுந்து, "நான் படிச்சப்ப உயிர் மக்கள்னு சொன்னாங்க சார்" என்றார்.

"மக்களுக்குத்தானேம்மா இலக்கு" என்று அதிகாரி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வேறென்ன செய்வது?

அந்த வருடக் கடைசி நாளில் முப்பது தெருக்கள் முடிந்துவிட்டன. மேட்டுத்தெரு மட்டும் பாக்கி. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். பாதித் தெரு சமதரையில் இருக்கும், மீதி சரிவில் ஏறும், உச்சியில் நாற்பது வீடுகள். நாங்கள் போனபோது மதியம் இரண்டு மணி. கீழ் வீடுகளில் குழாயைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அக்காவின் எழுத்து அட்டையே நனைந்தது. அவருக்கு வாயெல்லாம் பல். சரிவு தொடங்கும் இடத்தில், டீக்கடைக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தினேன்.

"மேல ஏறாதுக்கா. கிளட்ச் போயிடும்" என்றேன்.

ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் அங்கேயே நின்றிருந்தார். "மேல நாப்பது வீடு மேடம். எல்லாத்துலயும் குழாய் மாட்டியாச்சு. நான் பொறுப்பு" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நாற்பது வீட்டிலும் குழாய் மாட்டித்தான் இருந்தார்கள். படிவத்தின் கட்டத்திலும் 'குழாய் பொருத்தப்பட்ட வீடுகள்' என்றுதான் கேட்டிருந்தது. தண்ணீர் வருகிறதா என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. மணி ஐந்துக்குள் ஏற்ற வேண்டும். அக்கா மேலே ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜீப்பில் ஏறிக்கொண்டார். அன்று மாலை நூறு என்று எழுதினார். கேடயம் வந்தது. அதிகாரி அறையில் கண்ணாடி அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்தது.

கீழே வைத்திருந்த மோட்டாருக்கு அந்த உச்சி வரை தண்ணீரை ஏற்றும் வலுவில்லை. மேல் வீடுகளில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

மூன்றாவது வாரமே ஒரு அம்மா மனுவோடு வந்தார். பேக்கரியில் மாவு பிசைகிறவர், கடைசி வீட்டுக்காரர். வேலைக்குப் போகும் முன் நாலு நடை கீழே வந்து குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏறுவார். அக்கா மனுவைத் தன் கையாலேயே அதிகாரியிடம் கொடுத்தார். அவர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து பதில் வந்தது: 'தங்கள் தெரு நூறு சதவீதம் நிறைவு பெற்றது. நிலுவை ஏதுமில்லை.' மூன்று வருடத்தில் அந்த அம்மா கொடுத்தது பதினொரு மனு. பதினொன்றுக்கும் அதே இரண்டு வரி. அக்காவே அந்த உறைகளை ஒட்டி அனுப்ப வேண்டியிருந்தது.

பன்னிரண்டாவது முறை அந்த அம்மா மனு கொண்டுவரவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே படியேறி வந்து, முந்தானையில் முடிந்திருந்த எதையோ அவிழ்த்து மேசைமேல் 'டொக்' என்று வைத்தார். குழாய். பித்தளைக் குழாய், பளபளவென்று புதுசு போலவே இருந்தது.

"இத நீங்களே வச்சுக்கோங்கம்மா. எங்க வீட்டுச் சுவத்துல சும்மா நீட்டிக்கிட்டு, வர்றவங்க போறவங்க தோள்ல இடிக்குது. உங்களுக்காவது நூறு காட்ட உதவும்."

அக்கா அந்தக் குழாயைக் கையில் எடுத்தார். திறந்து மூடினார். பிறகு என்னிடம், "வண்டிய எடு" என்றார்.

டீக்கடையைத் தாண்டி சரிவில் ஏற்றினேன். முக்கல் முனகல் இல்லாமல் ஜீப் ஏறியது. கிளட்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று வருடம் முன்பும் ஆகியிருக்காது. எனக்கு அன்று பசி, அவ்வளவுதான். அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாற்பது வீட்டிலும் ஏறி இறங்கினார். மீதியிருந்த ஒவ்வொரு குழாயையும் தன் கையால் திறந்தார். காற்றுகூட வரவில்லை. ஒரு வீட்டில் குழாயில் பள்ளிக்கூடப் பை தொங்கியது, இன்னொரு வீட்டில் ஈரத்துண்டு.

அந்த வாரம்தான் புதிய சுற்றறிக்கை வந்திருந்தது. குழாய் எட்டாத தெருக்களுக்குப் பெரிய மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் தரப்போகிறார்கள். நூறு காட்டும் தெருவுக்குக் கிடையாது. பெயர்களை வெள்ளிக்கிழமைக்குள் ஏற்ற வேண்டும். அதை விட்டால் அடுத்த வாய்ப்பு ஐந்து வருடம் கழித்துத்தான். அக்காவுக்கு ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை.

புதன்கிழமை காலை, கணினியில் மேட்டுத்தெருவுக்கு நேராக இருந்த நூறை அழித்து எண்பத்தொன்று என்று அடித்தார். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'முந்தைய மாத அளவைவிடக் குறைவு. ஏற்க இயலாது.' மறுபடி அடித்தார். மறுபடி சிவப்பு. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். கணினிப் பிரிவு ஆள் சிரித்தது எனக்கே கேட்டது.

"என்ன மேடம் இது, வளர்ச்சி எப்படிப் பின்னால போகும்? அதனாலதான் குறைக்க வழியே வைக்கல."

அக்கா அதிகாரி அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"சார், அந்த நூறு தப்பு. நான் மேல ஏறிப் பாக்காம எழுதிட்டேன்."

"குழாய் இருக்குல்ல?"

"இருக்கு. தண்ணி இல்ல."

"கட்டத்துல தண்ணியக் கேக்கலயேம்மா. ஒரு தெருவ இறக்கினா பகுதியே இறங்கும். கேடயத்தத் திருப்பிக் கேப்பாங்க. என் பதவி உயர்வுக் கோப்பு மேல இருக்கு. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

"நாலு நடை குடம் தூக்குறவங்கள அனுசரிக்கச் சொல்றீங்களா சார்?"

அவர் ஒரு கோப்பைத் திறந்துகொண்டார். மறுநாள் கூட்டம் ஒன்றுக்கு வெளியூர் கிளம்பிவிட்டார், கைகழுவியது போல.

புதன்கிழமை சாயங்காலம் வரை அக்கா கணினிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அந்தப் பொத்தான் அவர் கண்ணில் பட்டது: 'புதிய குடியிருப்பு சேர்க்க.' படிவம் செய்தவர்களின் அறிவு அது. புதிய குடியிருப்பு எத்தனை வேண்டுமானாலும் பிறக்கலாம், பழையது வறண்டுபோகக் கூடாது. உச்சி நாற்பது வீட்டையும் தனிக் குடியிருப்பாகச் சேர்த்து, குழாய் பூஜ்ஜியம் என்று எழுதினால் படிவம் வாங்கிக்கொள்ளும். ஆனால் சரிபார்க்க ஆள் வருவான். வருகிறவன் குழாயைத்தான் எண்ணுவான், தண்ணீரை அல்ல.

"ஸ்பேனர் இருக்கா வண்டில?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை மேலே போனோம். விஷயத்தைச் சொன்னதும் சனங்கள் பிடித்துக்கொண்டார்கள். "மூணு வருஷமா தண்ணி குடுக்கல, இப்ப இருக்கிறதயும் புடுங்கவா வந்தீங்க?" என்று ஒருவர் என் சட்டையையே பிடித்தார். நியாயமான கோபம். பேக்கரிக்காரம்மாதான் குறுக்கே வந்தார்.

"விடுப்பா. குழாய் இருக்கிற வரைக்கும் நமக்குத் தண்ணி கிடையாது. அதுதான் இவங்க சட்டம். கழட்டிக் குடுத்துட்டு வேலையப் பாரு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எனக்கு ஜீப்பை அப்படியே அதிகாரி அறைக்குள் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் போலிருந்தது. ஏற்கெனவே மேசைக்கு வந்த ஒன்று போக முப்பத்தொன்பது குழாய்களையும் கழற்றி, பேக்கரியின் இரண்டு மாவுச் சாக்கில் கட்டி, அலுவலக அலமாரியில் வைத்தோம். அக்கா சாக்கின் மேல் எண்ணிக்கையும் தேதியும் எழுதி ஒட்டினார். ஒளித்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் படிவம் பச்சை காட்டியது. காகிதத்தில் இப்போது அந்த நாற்பது குடும்பமும் இரண்டு இடத்தில் குடியிருந்தன, ஒன்றில் குழாயோடு, மற்றொன்றில் குழாய் இல்லாமல். அக்கா வெள்ளைப் பலகைக்குப் போய், பகுதியின் நூறை அழித்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதினார். அதே அச்சு எழுத்து.

ஒன்பது மாதத்தில் மோட்டார் வந்தது, தொட்டி வந்தது, உச்சி வீட்டில் தண்ணீர் வந்தது. அதற்குள் கேடயமும் போய்விட்டது. அது போன மறு வாரம் அக்காவுக்கு மெமோ வந்தது. இல்லாத குடியிருப்பை உருவாக்கியது ஒரு குற்றம். அரசுப் பொருளான நாற்பது குழாய்களை அகற்றியது இன்னொன்று. பகுதியின் முன்னேற்றத்துக்குப் பின்னடைவு ஏற்படுத்தியது மூன்றாவது.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். ஸ்பேனர் கொடுத்தவன் என்பதால் என்னையும் நிற்கவைத்தார்கள். மனிதர் கெட்டவர் இல்லை. அக்காவுக்கு ஓய்வு பெற இரண்டு மாதம்தான் இருக்கிறது என்று தெரிந்து, பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்:

"கவனக்குறைவால நடந்ததுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. இதோட முடிச்சுடலாம்."

அக்கா பையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தார். படித்துக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். அதிலிருந்து ஒரு வெற்றுத்தாளைக் கிழித்தார்.

"கவனக்குறைவால எழுதினது அந்த நூறு சார். அதுக்கு மெமோ எங்க? கேடயம்தானே குடுத்தீங்க? இது நான் கவனமா செஞ்சது. நாப்பது வீடும் ஏறி இறங்கிப் பாத்துட்டு செஞ்சது. இதத் தப்புன்னு என் கையால எழுத மாட்டேன்."

கூடவே உட்கார்ந்திருந்த எங்கள் அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா அந்தத் தாளில் விளக்கம் எழுதவில்லை, ஒரு மனு எழுதினார்: ஏறக்குறைய நான்கு வருடம் முன்பு, வருடக் கடைசி நாளில், மேட்டுத்தெருவின் உச்சி வீடுகளைப் பார்க்காமலே நூறு என்று பதிவு செய்தேன். அதனால் நாற்பது குடும்பங்கள் மூன்று வருடத்துக்கு மேல் தண்ணீர் சுமந்தன. அதற்காக என்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். கீழே கையெழுத்து, தேதி. நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். "நீ வண்டிய ஒழுங்கா ஓட்டு, அது போதும்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, அவருடைய கடைசி வேலை நாளில் தபால் வந்தது. நான்தான் வாங்கி மேசைக்குக் கொண்டுபோனேன். இரண்டு உறைகள். ஒன்றில், குடியிருப்பு சேர்த்ததற்காக அவருடைய பணிப்பதிவேட்டில் கண்டனம் பதியப்பட்டது என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு அக்கா பைக்குள் போட்டுக்கொண்டார். இன்னொன்று அந்த மனுவுக்கான பதில். அதை மட்டும் என்னிடம் நீட்டி, சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. மேற்படி நூறு சதவீதப் பதிவில் பிழை ஏதும் காணப்படவில்லை.'