அத்தா வண்டி பம்பர்ல வச்ச கொக்கி

அத்தா மவுத்தாகி, அடக்கம் பண்ணி, நாப்பதாம் நாள் ஃபாத்திஹா கூட இன்னும் ஓதல. யாங்கோன்ல கரண்ட் அடிக்கடி போயிரும். நாங்க வாடகைக்கு விடுற ஜெனரேட்டர் டிரெய்லரைச் சந்துக்குள்ள தள்ள, அத்தாவோட பிக்கப்புக்கு முன்னாடி கொக்கி வேணும்.

"பம்பரை வெட்டி, அடிச்சட்டத்துல, சேசிஸ்ல போல்ட் போடணும்"னாரு மெக்கானிக் கோ வின்.

அந்த பம்பர் அத்தா கையால பெயிண்ட் அடிச்சது. "வெட்டாதீங்க, பம்பர்லயே வெல்டிங் வைங்க"ன்னு அழுதேன்.

"இழுத்தா பிஞ்சிரும்டா"ன்னாரு. நான் விடல. கடைசியில வச்சுக் குடுத்துட்டாரு.

சந்து இறக்கத்துல டிரெய்லரை முன்னாடி தள்ளிக்கிட்டுப் போறப்ப பிரேக் போட்டேன். பம்பரோட பிச்சுக்கிட்டு டிரெய்லர் ஓடுச்சு. கீழ அம்மா நின்னாங்க. சக்கரம் சாக்கடையில இறங்கி, அம்மா கால்கிட்ட நின்னுச்சு.

"அத்தா இருந்தா செருப்பால அடிச்சிருப்பாரு"ன்னு அம்மா சொன்னாங்க.

இப்ப கொக்கி சேசிஸ்ல இருக்கு. தினமும் வண்டிக்கு அடியில படுத்து போல்ட்டை முறுக்கிப் பாக்குறேன். அம்மா வீட்டுக்குள்ள போனப்புறம்தான் டிரெய்லரைத் தள்ளுறேன்.