எலிக்காரம்மா கொடுத்த தைரியம்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் எலிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கூண்டு கழுவுவது, எலிகளின் வாயில் மெல்லிய குழாய் வைத்துச் சாராயம் புகட்டுவது, பாதி எலிகளுக்கு மட்டும் கீழாநெல்லிச் சாறும் கொடுப்பது, இதெல்லாம் அவள் வேலை. எலி முரண்டு பிடிக்கும், கடிக்கும். வீட்டுக்குப் போனால் முரண்டு பிடிக்காமல் குடிக்கிற ஒருவர் இருந்தார். கட்டிக்கொண்டாயிற்று, என்ன செய்வது?

கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த பிறகு மனுஷர் கப்சிப் ஆகிவிட்டார். இனிக் குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொன்னதில் அரண்டு போயிருந்தார். பாட்டிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீடு வீடாக இருந்தது. அவள் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம்.

சாறு குடித்த எலிகளின் ஈரல் அவ்வளவாகக் கெடவில்லை என்று ஆராய்ச்சி மேடம் சொன்னதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேலிப் பக்கம் கீழாநெல்லி பறித்து, அரைத்து வடிகட்டி, தினமும் அவருக்குக் கொடுத்தாள். "இதைக் குடிச்ச எலிக்கு எவ்வளவு ஊத்தினாலும் ஈரல் அசையலைங்க" என்று பெருமை வேறு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே!

அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதலில் இலைச்சாறு, பின்னாலேயே பாட்டில் என்று ஆனது. "அதான் மருந்து இருக்கே, ஏன் பயப்படறே?" என்று அவளுக்கே தைரியம் சொன்னார்.

பொறுக்கமாட்டாமல் மேடத்திடம் போய்ச் சொன்னாள். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, எலிக்கு நல்லா இருந்த ஈரல்மா. ஏற்கெனவே கெட்டுப்போன மனுஷ ஈரலை இது காப்பாத்தும்னு யார் சொன்னா? அவர் குடிக்காம இருந்தாரே, அதுதாம்மா மருந்து."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். அவரைக் கட்டிப் போட்டிருந்தது பயம் ஒன்றுதான். அதைத் தன் கையாலேயே அவிழ்த்து விட்டுவிட்டாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும், காலையில் வடித்து வைத்த சாற்றை அவர் கண்ணெதிரே தொட்டியில் கொட்டினாள்.

"நான் சொன்னது தப்புங்க. இது ஒண்ணையும் காப்பாத்தாது. எலியாவது நாங்க புடிச்சு ஊத்துறதாலதான் குடிக்குது. உங்களை யார் புடிச்சு ஊத்துறா? விட்டுடுங்க, கும்பிட்டுக் கேக்கறேன்."

அவர் காலிப் பாத்திரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்தது. பழைய பயம் திரும்பிவிட்டது என்று அவளுக்கு உயிர் வந்தது.

"சரி விடு, அழாதே" என்றார் ஆறுதலாக. "இத்தனை நாள் குடிச்ச சாறு உள்ள இருக்கும்ல?"

பாட்டில் மூடியைத் திருகினார்.