வாய் வைத்துக் குடித்த சொம்பு

“...மாடு மாதிரி வாயை வெச்சி உறிஞ்சணும்னா, என்னை ஏரிக்கே ஓட்டிக்கினு போயிடு மச்சான். நாலு ஜோடி மாட்டோட நானும் நின்னு குடிச்சிட்டு வர்றேன்” என்றார் மாமா.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், முப்பது வருஷம் தரகு பார்த்தவர். 1980களின் நடுவில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும். கிண்டல் மட்டும் குழறவே இல்லை. எனக்குத் திண்டிவனத்தில் சைக்கிள் கடை. ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிவிடுவேன், பாதி அவரைப் பார்க்க, பாதி அவர் பேச்சைக் கேட்க.

வாதம் வந்த பிறகு எது குடித்தாலும் அவருக்குப் புரையேறியது. நாங்கள் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் செய்தோம். உச்சந்தலையில் தட்டி, “யாரோ நெனைக்கிறாங்க” என்றோம். “மண்டியில என்னைத் திட்டாதவன் யாரு? மொத்தமா நெனைக்கிறானுங்க” என்பார் கண்ணில் நீர் வழிய. புரையேறினால் தண்ணீர் கொடுக்க வேண்டும் அல்லவா, அதையும் கொடுத்தோம். அதற்கும் ஏறியது. மேலும் கொடுத்தோம்.

இரண்டு தடவை காய்ச்சலும் நெஞ்சுச் சளியுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டாம் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், “இன்னொரு வாட்டி நுரையீரல்ல இறங்கினா தாங்க மாட்டாரு” என்று சொல்லிவிட்டார். வராந்தாவில் நர்ஸம்மா எங்களைப் பிடித்து நிறுத்தி, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

“கஞ்சியை நல்லா நீர்க்கக் காய்ச்சி, தெளிவு மட்டும் எடுத்துக் குடுக்கிறேன் சிஸ்டர். கெட்டியா ஒண்ணும் தர்றதில்ல” என்றாள் அக்கா, பெருமையாகத்தான்.

“அதாம்மா பேஜாரே. அவரு தொண்டை இப்ப மெதுவாத்தான் வேலை செய்யுது. தண்ணி அதுக்கு முன்னாடி ஓடிப் போய் மூச்சுக் குழாயில பூந்துக்குது. கெட்டியா இருந்தா நிதானமா எறங்கும். கரண்டியைச் சாய்ச்சா ஒழுகக் கூடாது, சரிஞ்சு விழணும். நேரா உக்காந்து, தாடையைக் கொஞ்சம் கீழ எறக்கி, வாயை வெச்சிக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். அண்ணாந்து ஊத்திக்கவே கூடாது.”

பஸ் ஸ்டாண்டில் அக்கா மாமாவைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். பிறகு, “நோயாளிக்குப் போய்க் கெட்டியாக் குடுத்தா பாக்கிறவங்க என்னைய என்ன சொல்லுவாங்க?” என்றாள்.

“ஒழுங்கா ஆக்கிப் போட்டான்னு சொல்லுவாங்க” என்றேன்.

மறுநாள் கடையைத் திறக்காமல் அங்கேயே தங்கி, அக்காவோடு அடுப்படியில் உட்கார்ந்தேன். கேப்பை மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி, வடிகட்டி, ஆற வைத்து, தயிரை அடித்து ஊற்றினோம். முதல் தடவை களியாகிவிட்டது. “இதை வெச்சிச் சுவரு கட்டலாம்” என்று கட்டிலில் இருந்தே தீர்ப்பு வந்தது. அடுத்தது ஓடியது. மூன்றாவது தடவை கரண்டியைச் சாய்த்தேன்; அவசரமில்லாமல் சரிந்து, பொத்தென்று விழுந்தது. “இட்லி மாவுப் பதம்” என்றாள் அக்கா. அதற்குமேல் எந்த டாக்டரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இட்லி மாவுப் பதத்தில் இருப்பதை அண்ணாந்து குடிக்க முடியாது. மாமா இடது கையால் சொம்பைத் தூக்கிச் சாய்த்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு மொத்தமாக வந்து மீசையிலும் மார்பிலும் விழுந்தது. துடைத்துவிட்டு, வாய் வைத்துக் குடிக்கச் சொன்னேன். அதற்குத்தான் அந்த ஏரிப் பேச்சு.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர், வியாபாரி, வண்டிக்காரர் எல்லோருக்கும் பொதுவான மண்டிச் சொம்பில் முப்பது வருஷம் உதடு படாமல் குடித்தவர். சொம்பை எச்சில் செய்கிறவனை அவர் பக்கத்தில் சேர்த்ததில்லை.

“எச்சி பண்ணிக் குடிச்ச வாயி இல்ல இது. ஒரு சொம்பு தண்ணி குடு, ஜல்தி.”

“தண்ணி கெடையாது மாமா. திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனா...”

“போனா போறேன்.”

அதில் கிண்டல் இல்லை.

அக்கா சொம்பில் மறுபடியும் கூழை ஊற்றினாள். அவருக்கு எதிரே உட்கார்ந்து, தாடையை இறக்கி, விளிம்பில் உதட்டைப் பதித்து ஒரு வாய் குடித்தாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் அப்படிக் குடித்ததில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொம்பை நீட்டினாள்.

“எச்சிதான். இனிமே இந்த வீட்டுச் சொம்பே எச்சி சொம்புதான். குடிங்க.”

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் சொம்பை வாங்கி, தாடையை இறக்கி, அவள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்தார். ஒரு மடக்கு. தொண்டைக்குமிழ் மெதுவாக ஏறி இறங்கியது. அக்காவும் நானும் இருமலுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. இன்னொரு மடக்கு. இன்னும் ஒன்று.

பாதிச் சொம்பு காலியானதும் மீசையை நக்கிக்கொண்டார். மிச்சத்தை என் பக்கம் நீட்டினார்.