இரண்டு அண்ணாக்கள்

அந்தமான் நிக்கோபாரின் தென்கோடியில் இருக்கும் கேம்பல் பே போகும் கப்பலில் எவ்வளவு மருந்து ஏற்றுவது என்பதை எங்கள் அலுவலகத்தின் காய்ச்சல் அறிக்கைதான் முடிவு செய்யும். அன்று கப்பல் கிளம்பும் நாள். அறிக்கையிலோ போர்ட் பிளேர் மட்டும் இருந்தது. மற்ற தீவுகளைக் காணோம்.

கேம்பல் பே நர்ஸ் போனில் கேட்டார்: "மெயின்லேண்ட்காரங்கதான் எங்கள மறப்பாங்க. நீங்களுமா சார்?"

அறிக்கை தயாரிக்கும் என் புரோகிராமில், தீவு தீவாகப் போகும் ஒரு மேக்ரோ, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைத் தொகுப்பு; அதற்குள் மாதம் மாதமாகப் போகும் இன்னொரு மேக்ரோ. எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை. காலையிலிருந்து முட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, சாய் ஆ கயா!" என்று டீ வந்துவிட்டதைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார், உடன் வேலை பார்க்கும் வங்காளிப் பெண் மிதாலி. அவருக்குத் தமிழர் எல்லோரும் அண்ணாதான். நானும் பக்கத்து மேசை முருகனும் சேர்ந்தே திரும்பினோம். எனக்கு வந்த சர்க்கரையில்லாத டீயை முருகன் எடுத்துக் குடித்துவிட்டு முகம் சுளித்தான்.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு மேக்ரோவிலும் எண்ணுகிறவன் பெயர் i. தீவுகளோ பன்னிரண்டுக்கும் குறைவு; முதல் தீவுக்கே உள்ளே பன்னிரண்டு மாதம் எண்ணி முடித்ததும், அதே i-யைப் பார்த்து, தீவுகளே முடிந்துவிட்டதாக வெளி மேக்ரோ நின்றுவிடுகிறது!

உள்ளே இருப்பவனுக்கு வேறு பெயர் வைத்தேன். எல்லாத் தீவுகளும் வந்தன, மருந்தும் கப்பலேறியது.

இன்றுவரை எங்கள் அலுவலகத்தில் மாதங்களை எண்ணுவது murugan. அவனுக்குத்தான் அது தெரியாது.