எம்.எல்.ஏ.வுக்குப் பாதி மாலை

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகிற சாலையில் இருக்கிறது என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. சாலையில் இருப்பது பஸ் நிற்கிற புளியமரம் மட்டும். ஊர், ஓடைக்கு அந்தப் பக்கம். வருஷத்தில் பெரும்பாலான நாள் ஓடையில் வெறும் மணல்தான், ஆடுகள் படுத்திருக்கும். ஆனால் சிறுமலையில் ஒரு நல்ல மழை பிடித்தால் போதும், எங்கள் தலையில் ஒரு சொட்டு விழாமலே இடுப்பளவு செந்தண்ணீர் வந்துவிடும். வடிவதற்கு மத்தியானம் ஆகும், சில நாள் பொழுதே சாய்ந்துவிடும். மற்றவர்களுக்கு அது ஒருநாள் தொல்லை. மதினிக்கு அது வயிற்றுப்பாடு.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணன் திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கம்பெனியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது என்னவோ மதினியின் மல்லிகைத் தோட்டத்தால்தான். அதை அண்ணன் முன்னாலேயே சொல்லிக்காட்டுவேன், அவரும் சிரித்துக்கொள்வார். மல்லிகை மொட்டாக இருக்கும்போதே மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். விடியும் முன்னே பறித்து, காலை பஸ்ஸில் கூடையை ஏற்றினால் விலை. ஓடை மறித்துக்கொண்டால் கூடைக்குள்ளேயே பூ விரிந்துவிடும். விரிந்த பூவை எந்த வியாபாரியும் தொடமாட்டான்.

நான் பத்தாவது முடித்துவிட்டு, மாப்பிள்ளை அமைகிறவரை வீட்டில் இருந்தேன். மத்தியானம் பெண்கள் வேப்பமரத்தடியில் பூக்கட்ட உட்காரும்போது, அண்ணன் முந்தின நாள் கொண்டுவந்த பேப்பரை உரக்க வாசிப்பது என் வேலை. சினிமாச் செய்தியைவிட அவர்களுக்குச் சட்டசபைச் செய்திதான் பிடிக்கும். குழாயடிச் சண்டையைக் கேட்கிற ருசியோடு கேட்பார்கள். "ஏ புள்ள, நம்மாளு வாயத் தெறந்தாரா?" என்று மதினி தினமும் கேட்பாள். நம்மாள் என்றது எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வை. ஆளுங்கட்சிக்காரர். ஓட்டுக் கேட்க வந்தபோது ஓடையில் தண்ணீர். ஒருவர் தோளில் ஏறி உட்கார்ந்துதான் இக்கரைக்கு வந்தார். "அடுத்த மழைக்குப் பாலத்து மேல நடந்து வாரேன்" என்று இறங்கியதும் சொன்னார். ஜெயித்த பிறகு அளவுகாரர்கள் வந்து ஓடைக்கரையில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். கல் நின்றது. பாலம் வரவில்லை.

இப்படியிருக்க, ஒரு பட்ஜெட் கூட்டத்தின்போது பேப்பரில் ஒரு செய்தி வந்தது. வறண்ட பகுதிகளில் ஓடைப் பாலங்கள் பற்றி எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், சாலைகளுக்கான மானியத்தில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்தாராம், ஓட்டெடுப்பில் தோற்றதாம். அவ்வளவுதான் போட்டிருந்தது. பாலத்துக்கு வைத்த பணத்தில் நூறு ரூபாயை வெட்டச் சொல்ல ஒருவனுக்கு மனசு வருமா? வேப்பமரத்தடி கொதித்துப்போனது. முகம் தெரியாத அந்த மனிதருக்கு அன்று விழுந்த வசவை இங்கே எழுத முடியாது. என் பங்குக்கு நானும் நாலு சேர்த்துக்கொண்டேன்.

சித்திரையில் எம்.எல்.ஏ. ஊருக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கூட்டம். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பேச வருகிறவருக்குப் பேச்சு முடிந்த பிறகுதான் மாலை. முதலிலேயே போட்டால் வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடுகிறார்கள் என்று எப்போதோ முடிவு செய்தது. ஆகவே மதினி தான் கட்டிய ஆளுயர மாலையை வாழையிலையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

எம்.எல்.ஏ. அந்த வெட்டுத் தீர்மானத்தைத்தான் பிடித்துக்கொண்டார். "நூறு ரூவாய வெட்டணும்னு கொண்டுவந்தாங்க தாயி! நான் விடுவேனா? எதிர்க்கிறவங்க எந்திரிங்கன்னு சபாநாயகர் சொன்னதும் மொத ஆளா எந்திரிச்சு நின்னேன்!" என்றார். கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆனது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சோடாவைக் கையில் வாங்கினார். மதினி மாலையோடு மேடைக்குப் போனாள். போனவள் பாதியில் நின்றாள்.

"அய்யா, அந்த நூறு ரூவாயக் காப்பாத்துனது நீங்கதான?"

"ஆமா தாயி."

"அப்ப அதை நம்ம ஓடைக்குக் குடுத்துருங்க. நாலு வண்டி கல்லாவது கொட்டலாம். மேல ஏறி நடந்துக்குவோம்."

எம்.எல்.ஏ. சிரித்தார். தெரிந்ததை விளக்கிச் சொல்லாமல் இருக்க முடியாத மனிதர் அவர். "அது நெசமான நூறு ரூவா இல்ல தாயி. ஒரு கொறைய சபையில எடுத்துச் சொல்லணும்னா, நூறு ரூவாயக் கொறைக்கணும்னு ஒரு தீர்மானம் கொண்டுவருவாங்க. அது அங்க ஒரு வழக்கம். பணத்த யாரும் வெட்டப் போறதில்ல."

"அப்ப அவரு எடுத்துச் சொன்ன கொறை என்னய்யா?"

எம்.எல்.ஏ.வுக்கு இப்போதுதான் உறைத்தது. சோடாவை ஒரு வாய் குடித்தார். "அது வந்து... ஓடைக்கெல்லாம் பாலம் கட்டலைன்னு."

"அவரு பாலம் வேணும்னாரு. நீங்க மொத ஆளா எந்திரிச்சு நின்னு வேண்டாம்னீங்க."

வேப்பமரத்தடிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பாவம், அந்த எதிர்க்கட்சிக்காரர் எங்கே உட்கார்ந்து விக்கினாரோ.

"கட்சி சொல்லிருச்சு தாயி. ஆளுங்கட்சியில இருந்துக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றார் எம்.எல்.ஏ. குரல் இறங்கிவிட்டது.

மதினி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "பாலம் வேணுங்கிறவுக எல்லாம் எந்திரிங்க!"

மொத்த ஊரும் எழுந்தது. கைக்குழந்தைக்காரிகள் குழந்தையோடு எழுந்தார்கள். பாதுகாப்புக்கு வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் எழுந்தார். எம்.எல்.ஏ.வின் கார் டிரைவர், எந்த ஊர்க்காரரோ, அவரும் எழுந்தார். மேடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில் எம்.எல்.ஏ.வும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சோடா பாட்டிலும் கையுமாக எழுந்து நின்றார்.

"இம்புட்டுத்தான்ய்யா. இதே மாதிரி அங்க நின்னிருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு மதினி மாலையோடு இறங்கிவிட்டாள். அவளுடைய நாத்தனாராக இருப்பதில் எனக்கு அன்றைக்கு வந்த பெருமை பிறகு எதிலும் வந்ததில்லை.

ஒருவருக்கென்று கட்டிய மாலையை மதினி பிரித்து விற்கமாட்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் ஓடைக்கரையில் நட்டிருந்த அளவுக்கல்லில் அதை மாட்டிவிட்டாள். அதோடு விடவில்லை. அதன் பிறகு ஓடை மறித்து, கூடையிலேயே பூ விரிந்துபோகிற ஒவ்வொரு நாளும், அந்த விலைபோகாத பூவை உட்கார்ந்து மாலையாகக் கட்டினாள். கொண்டுபோய்க் கல்லில் மாட்டினாள். யாருக்கு என்று கேட்டால், "எம்.எல்.ஏ.வுக்கு" என்பாள். ஆவணி மழையில் மாலைமேல் மாலை விழுந்து கல்லே தெரியாமல் போனது.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியுமா? பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஓடைக்கு அக்கரையில் ஒரு கல். கல் நிறைய மாலை. யாருக்கு என்று கேட்டால் எம்.எல்.ஏ.வுக்கு என்று பதில். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எம்.எல்.ஏ. ஓடை வெள்ளத்தில் போய்விட்டார் என்று ஆகிவிட்டது. அவருடைய கட்சிக்காரர் ஒருவர் கடையை அடைத்துவிட்டு, பெரிய மாலையோடு அவர் வீட்டுக்கே போய் அழுதிருக்கிறார். அந்த நேரம் எம்.எல்.ஏ. உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் காலையிலேயே கார் புளியமரத்தடியில் வந்து நின்றது. அன்றைக்கென்று ஓடையில் தண்ணீர். அக்கரையில் எம்.எல்.ஏ., இக்கரையில் கூடைகளோடு மதினியும் நானும் மற்றப் பெண்களும்.

"என்னைய ஏன் தாயி கொன்னீங்க?" என்று அங்கிருந்து கத்தினார்.

"நல்லா இருப்பீங்கய்யா! செத்த நேரம் நில்லுங்க, தண்ணி வடியட்டும்!" என்று மதினி இங்கிருந்து கத்தினாள்.

அவர் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அதை நான் மறக்கமாட்டேன். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு புளியமர வேரில் உட்கார்ந்தார், பிறகு மறுபடியும் எழுந்து நின்றார். நாங்கள் கூடைமேல் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தோம். வெயில் மேற்கே சாய்ந்த பிறகுதான் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இந்தத் தடவை யார் தோளிலும் ஏறாமல், அவரே நடந்து வந்தார். மதினி துணியை விலக்கிக் காட்டினாள். கூடை முழுக்க வெள்ளை வெளேரென்று விரிந்து கிடந்தது.

"வாசம் நல்லாருக்கே தாயி" என்றார், பாவம்.

"வாசம் வந்துட்டா வெல போச்சுன்னு அர்த்தம்ய்யா."

அவர் அளவுக்கல்லுக்குப் பக்கத்தில் போனார். கல்லில் கிடந்த மாலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். காய்ந்தது, பாதி காய்ந்தது, நேற்றையது. ஒவ்வொரு மாலையும் ஒரு கூடைப் பூ என்று நான்தான் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த பட்ஜெட்டில் மறுபடியும் ஓடைப் பாலங்கள் பற்றி ஒரு வெட்டுத் தீர்மானம் வந்தது, மறுபடியும் தோற்றது. வாசித்துவிட்டுப் பேப்பரைத் தூக்கி எறிந்தேன். ஆனால் கூட்டம் முடிந்த கையோடு எம்.எல்.ஏ., யாரும் கூப்பிடாமலே வேப்பமரத்தடிக்கு வந்து நின்றார்.

"வேணும்னு எந்திரிக்க என்னால ஏலல தாயி. ஆனா வேண்டாம்னும் எந்திரிக்கல. ஓட்டு எடுக்கிற நேரம் வெளிய போயிக் காப்பி குடிச்சேன்."

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. மதினி சிரிக்கவில்லை. "காப்பி எப்பிடிய்யா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"தொண்டையில எறங்கல தாயி. கட்சியிலயும் வெளக்கம் கேட்டுட்டாங்க."

மதினி யோசித்தாள். அப்போது அவள் கையில் ஒரு மாலை பாதி கட்டியபடி இருந்தது. ஒரு பக்கச் சரம் முடிந்திருந்தது, மறுபக்கம் இன்னும் தொடங்கவில்லை. அந்த ஒரு பக்கத்தை அப்படியே நாரை அறுத்து எடுத்தாள். "பாதி செஞ்சிருக்கீங்க, பாதி மாலை" என்று அவருடைய இடது தோளில் துண்டு போடுவது மாதிரி போட்டாள். கழுத்தில் நிற்காத அந்தச் சரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அவர் ஓடையைக் கடந்து கார்வரைக்கும் போனார். கார் போகும்போதும் கை தோளில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் மந்திரியை விடாமல் நச்சரித்தார் என்று அண்ணன் திண்டுக்கல்லில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். எப்படியோ மறுவருஷம் பாலம் எழும்பியது. சின்னப் பாலம், கைப்பிடிச் சுவர்கூட இல்லை, ஓரத்தில் குட்டைக் கல்தான். திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரிகள் வந்தார்கள், ரிப்பன் கட்டினார்கள், கத்தரிக்கோல் தட்டில் வந்தது. முந்தின இரவு சிறுமலையில் மழை. பாலத்துக்கு அடியில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. புளியமரத்தடியில் பஸ் ஹாரன் கேட்டது. அவ்வளவுதான், மதினி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்து ரிப்பனுக்கு அடியில் புகுந்து ஓட்டமாக ஓடினாள். அதிகாரிகள் திகைத்துப்போனார்கள். எம்.எல்.ஏ. கத்தரிக்கோலும் கையுமாக விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு எல்லாருக்கும் யார் யாரோ மாலை போட்டார்கள். மதினி மார்க்கெட்டில் இருந்தாள், மொட்டுப் பூவோடு.

அடுத்து வந்த தேர்தலில் அவர் தோற்றார். ஊருக்கு ஊர் காற்று மாறி அடித்த வருஷம் அது. ஒரு சின்னப் பாலம் அதை எப்படித் தடுக்கும்? ஜெயித்தவர் வேறு கட்சிக்காரர், இளவயதுக்காரர், நன்றாகப் பேசுவார்.

அதற்குப் பிறகு ஒரு வைகாசியில் எனக்குக் கல்யாணம். அண்ணன் எல்லாருக்கும் பத்திரிகை வைத்தார். புது எம்.எல்.ஏ. காரில் வந்தார், பந்தலே அவரைச் சுற்றி நின்றது. பழையவரும் வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கி, குடையோடு பாலத்தின் மேல் நடந்து வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தார். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மணையில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் மதினியைக் காணோம். பார்த்தால், பந்தல் கடைசியில் நிற்கிறாள். கையில் ஒரு பக்கச் சரம் மட்டும் கட்டிய மல்லிகை.

"எந்திரிங்கய்யா" என்றாள்.

அவர் பதறி எழுந்தார். "நான்தான் இப்ப எம்.எல்.ஏ. இல்லியே தாயி?"

"அதனால என்னய்யா. அன்னைக்குப் பாதிதான் போட்டேன். மிச்சப் பாதி என்கிட்ட நின்னுபோச்சு."

சொல்லிவிட்டு அதை அவருடைய வலது தோளில் போட்டாள். அவர் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முதலில் அவருக்குப் பக்கத்தில் இருந்த பூக்காரப் பெண் எழுந்தாள். பிறகு அந்த வரிசை. பிறகு அதற்கு முன் வரிசை. யாரும் யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. பந்தல் முழுக்க எழுந்து நின்றது, புது எம்.எல்.ஏ.வும்தான்.

நானும் மணையிலிருந்து எழுந்தேன். பெண் நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்று யாரோ அதட்டினார்கள். நான் உட்காரவில்லை.