கீரைப் பாத்தியில் நின்ற பொம்மை

எங்கள் கொல்லையில் நட்டிருந்த வைக்கோல் பொம்மை என் சின்ன வயதில் ஒரு வருஷம் வேலியோரத்திலிருந்து வீட்டை நோக்கி வந்துகொண்டே இருந்தது. இதைச் சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். மாடித் தொட்டியில் புதினா வளர்ப்பவருக்குக் கொல்லையைப் பற்றி என்ன தெரியும்? வெயில் உச்சிக்கு ஏறி, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்துவிட்ட நேரத்தில் ஒரு கொல்லை எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இன்றைக்கும் மத்தியானத்தில் தனியாக மாடிக்குப் போக மாட்டேன், துணி காய்ந்து கருகினாலும் சரி.

எங்கள் வீடு குடவாசலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊரில் இருந்தது. பின்வாசலைத் திறந்தால் கிணறு, அதைத் தாண்டிக் கொல்லை, மூங்கில் படல், படலுக்கு அப்பால் வாய்க்கால், பிறகு கண்ணுக்கு எட்டிய வரை நெல். கொல்லையில் அதுவரை இரண்டு தென்னையும் ஒரு முருங்கையும், அம்மாவின் அலட்சியத்தில் தானாக வளர்ந்த ஆமணக்கும்தான் இருந்தன. அதைத் தோட்டமாக ஆக்கியவள் அத்தை, அப்பாவின் தங்கை. முந்தைய வருஷம்தான் அவளுக்குக் கல்யாணமாகியிருந்தது. மாமா தலைதீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். பொங்கல் முடிந்ததும் மஸ்கட்டுக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். அவருக்குத் தாய் தகப்பன் இல்லாததால், வயிற்றில் பிள்ளையோடு அத்தை எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

சும்மா உட்காருவது அவளுக்கு ஆகாத காரியம். அம்மா எவ்வளவு தடுத்தும் கேட்காமல், ஆடிப்பட்டத்துக்கு மண்ணைக் கொத்தி, குடவாசல் கடையில் விதை வாங்கி, கத்திரி, வெண்டை, பாகல் எல்லாம் போட்டாள். கிணற்றடி ஈரத்தில் கொத்தமல்லியும் கற்பூரவல்லியும் வைத்தாள். மூங்கில் பந்தல் போட்டுப் புடலையை ஏற்றினாள். புடலம்பிஞ்சு சுருளாமல் நேராக வளர நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். காற்றே இல்லாத மத்தியானத்தில்கூட அந்தக் கற்கள் மெல்லத் திரும்பும், நிற்கும், மறுபக்கம் திரும்பும். பந்தலுக்குக் கீழே குனிந்து போக எனக்கு எப்போதும் பயம்.

விதை போட்ட அன்றைக்கே காக்காய்கள் மோப்பம் பிடித்து வந்துவிட்டன. அத்தை இரண்டு மூங்கிலைக் குறுக்கே கட்டி, வைக்கோலைச் சுற்றி, பழைய மண்சட்டியைத் தலையாகக் கவிழ்த்தாள். சுண்ணாம்பில் கண்ணும் வாயும் வைத்தாள். சட்டை மாட்ட வேண்டுமே என்று நான் கொடியில் கிடந்த அப்பாவின் பழைய சட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள்.

“உசுரோட இருக்கறவங்க சட்டையைப் பொம்மைக்கு மாட்டக்கூடாதுடி. அவங்க ஆயுசுக்கு ஆகாது. கொண்டுபோய் வச்சுடு.”

பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து தாத்தாவின் ஜிப்பா ஒன்றை எடுத்து வந்து மாட்டினாள். தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். அவர் ஆயுசுக்கு இனி யாரும் கெடுதல் செய்துவிட முடியாது. பொம்மை வேலியோரத்தில் வாய்க்காலைப் பார்த்தபடி ஒழுங்காக நின்றது.

வெள்ளிக்கிழமை மாமாவுக்கு விடுமுறை. மத்தியானம் அப்பாவின் செல்போன் அடிக்கும். அத்தை காலையிலேயே தலைக்குக் குளித்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்கு மட்டும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஆவணியில் வளைகாப்பு நடந்தது. இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அதன்பிறகு அவள் கொல்லையில் எங்கே இருக்கிறாள் என்று தேடவே வேண்டாம், சத்தமே சொல்லிவிடும்.

வளைகாப்பு கழிந்து கொஞ்ச நாளில் போன் வருவது நின்றுபோனது. டவர் இல்லாத பாலைவனத்தில் மாமாவுக்கு வேலை போட்டுவிட்டார்கள் என்று அப்பா சொன்னார். அத்தை “சரிண்ணே” என்று சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் போனைக் கேட்கவில்லை. விவரமான பிள்ளையாக இருந்தால் எனக்கு அதுதான் உறுத்தியிருக்கும். எனக்கு உறுத்தியதோ சட்டை.

அப்பா அப்படிச் சொன்ன மறுநாள் காலை பல் விளக்கக் கிணற்றடிக்குப் போனேன். பொம்மை மாமாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றது. தலைதீபாவளிக்கு எடுத்த கட்டம்போட்ட சட்டை. கைப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருந்தது, நான் கொளுத்திய கம்பி மத்தாப்பு பட்டது. துவைத்து, இஸ்திரி போட்டு, கழுத்து வரை பொத்தான் மாட்டியிருந்தது. அதைவிட, பொம்மை இப்போது வாய்க்காலைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்தது.

வாயில் பற்பசை நுரையோடு உள்ளே ஓடி அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அப்பாவும் பின்னாலேயே வந்தார். சின்ன விஷயத்துக்கெல்லாம் ஊரைக் கூட்டும் அம்மா, பொம்மையைப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். “போய் ஸ்கூலுக்குக் கெளம்பு” என்று என்னை மட்டும் விரட்டினார்கள். மாமாவின் உயிரைப் பற்றி அந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் கவலையில்லை என்று அன்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகுதான் பொம்மை நகரத் தொடங்கியது. ஒருநாள் பள்ளிவிட்டு வந்தால் புடலைப் பந்தலின் நிழலில் நின்றது. தொங்கும் காய்களுக்கு நடுவே அந்தச் சட்டித் தலையைப் பார்த்துவிட்டுப் புத்தகப் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். இன்னும் சில நாளில் முருங்கைக்கு இந்தப் பக்கம். அப்புறம் கிணற்றடி. கேட்டால், புதிதாகக் கீரை விதைத்திருக்கிறேன், காவலுக்கு நட்டேன் என்பாள் அத்தை. கடைசியில் அவள் படுக்கும் அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு பாத்தி கட்டி முளைக்கீரை தூவினாள். பொம்மை அங்கே வந்து நின்றுகொண்டது. கை நீட்டினால் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிடலாம்.

காவல் என்றால் காக்காய் வரக்கூடாது அல்லவா? எங்கள் பொம்மையைத் தேடித்தான் காக்காய்கள் வந்தன. அத்தை சாப்பிட உட்காருவதற்கு முன் ஒரு பிடி சோற்றைக் கொண்டுபோய்ப் பொம்மையின் காலடியில் வைத்துவிட்டு, “கா... கா...” என்று கூப்பிடுவாள். அவை வந்து பொம்மையின் கைகள் மேல் உட்கார்ந்துகொள்ளும். கரையாது, சண்டை போடாது. அத்தை உள்ளே போகும் வரை காத்திருந்து பிறகு இறங்கிச் சாப்பிடும். விரட்டுவதற்கென்று பொம்மையை நட்டுவிட்டு, அதன் காலடியிலேயே விருந்து வைக்கிறவளை என்னவென்று நினைப்பது?

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல். பள்ளிக்குப் போகாமல் படுத்திருந்தேன். மத்தியானம், முன்பெல்லாம் போன் வருமே அந்த நேரம், வெளியே அத்தையின் குரல் கேட்டது. எழுந்துபோய்ப் பின்வாசல் கதவிடுக்கில் பார்த்தேன். கீரைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டு, நிமிராமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“பாகக்கா நல்லாத்தான் காய்க்குது. நீங்கதான் தொடமாட்டீங்களே.” கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள், எதிராளி பேசி முடிக்கட்டும் என்று இருப்பது மாதிரி. பிறகு சிரித்தாள். “அதெல்லாம் பொறந்ததும் பாத்துக்கலாம்.”

பொம்மை அவள் பக்கம் திரும்பியிருந்ததால் முகம் எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. அந்தக் கட்டம்போட்ட முதுகு. அது திரும்பிவிடுமோ என்ற பயத்தில் கதவைச் சாத்தக்கூடத் தைரியம் வரவில்லை.

புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்தது. தாத்தாவுக்குப் படைக்க அம்மா சமைத்து இலை போட்டாள், அப்பா கும்பிட்டார், வழக்கம்போல எல்லாம் நடந்தது. பிறகு கிணற்றடிக்குப் போனபோது பார்த்தேன், பொம்மைக்கு முன்னால் தனியாக இன்னொரு சின்ன இலை. வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, கொல்லையில் பறித்த வெண்டைக்காய். பாகற்காய் இல்லை.

அதோடு என் பொறுமை போய்விட்டது. மாமா எனக்குப் பிடித்தமான மனிதர். கம்பி மத்தாப்பால் சட்டையைச் சுட்டதற்குக்கூட, “போவுது வுடு கண்ணு, காத்தோட்டமா இருக்கும்” என்று சொன்னவர். பாலைவனத்தில் எங்கேயோ அவர் உயிர் இந்தச் சட்டையின் வழியாக ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று நான் நிச்சயமாக நம்பினேன். அன்று மத்தியானமே, எல்லோரும் படுத்த பிறகு, தாத்தாவின் ஜிப்பாவை எடுத்துக்கொண்டு கீரைப் பாத்திக்குப் போனேன். பொம்மையின் மேல் மாமாவின் பவுடர் வாசனை அடித்தது. முதல் பொத்தானைக் கழற்றினேன். பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

அத்தை திட்டவில்லை. அருகில் வந்து நான் கழற்றிய பொத்தானை மறுபடி மாட்டினாள். நான் அழுதுகொண்டே, மாமாவுக்கு ஆகாது, நீதானே சொன்னாய், கழற்றிவிடு என்று கெஞ்சினேன். அவள் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை உதைத்தது என் காதில் இடித்தது.

“இருக்கட்டும்டி. இனிமே அவருக்கு ஒண்ணும் ஆவாது” என்றாள். கொஞ்சம் கழித்து, “அப்பாகிட்ட இதெல்லாம் சொல்லாதே. பாவம், அண்ணன் தாங்காது.”

எனக்கு உயிர் வந்தது. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மாமாவுக்கு இனி ஒன்றும் ஆகாதாமே! அன்று சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஐப்பசி மழையில் திருவாரூர் ஆஸ்பத்திரியில் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் அங்கே இருந்த நாட்களில் மழைக்குப் பொம்மை சரிந்துவிட, அம்மா வைக்கோலைப் பிரித்து வாய்க்காலில் விட்டாள். சட்டையை அலசி எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

அத்தை வீட்டுக்கு வந்து, உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு ஒரு காலையில் அப்பா அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, மாமா ஆவணியிலேயே லாரி கவிழ்ந்து இறந்துபோனதையும், அங்கேயே அடக்கம் செய்துவிட்டதையும் சொன்னார். சொல்லி முடிக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். அத்தை அழவில்லை. எட்டி அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். துக்கம் கேட்க வந்த பெண்கள் கல் நெஞ்சுக்காரி என்று வாசல் தாண்டுவதற்குள் பேசிக்கொண்டார்கள். நான் அதற்கும் மேலே போனேன். சட்டை தன் வேலையைக் காட்டிவிட்டது, அத்தைதான் மாமாவைக் கொன்றுவிட்டாள் என்று நம்பினேன். அந்தக் கொல்லைக் காயைப் போட்ட குழம்பை ரொம்ப நாள் தொடவில்லை.

நான் கல்லூரி முடித்த வருஷம் அத்தையே சொன்னாள். அப்பா அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் செய்தியைச் சொன்னபோது, சமையலறை ஜன்னலுக்கு வெளியே வெண்டைச் செடிகளுக்கு நடுவே அவள் நின்றிருக்கிறாள். வளையல் சத்தம் கேட்டுவிடாமல் இரண்டு கைகளையும் மாரோடு இறுக்கிக்கொண்டு நின்றாளாம். “தெரிஞ்சுடுச்சுன்னு சொன்னா அன்னிக்கே வளையலக் கழட்டணும், ஊரு கூடி அழுவும். வயித்துல இருக்கற புள்ளைக்கு ஆவுமா? அதுக்காகத்தானே அண்ணனும் மறைச்சுது. நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்” என்றாள். அழ முடியாததை எங்கே கொண்டுபோய் வைப்பது? கொல்லையில் வைத்தாள். நடக்க முடிந்தவரை வேலியோரம்; வயிறு கனக்கக் கனக்க, கைக்கெட்டும் தூரத்தில்.

ஆனால் அப்பா செய்தி சொன்ன அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. மத்தியானம் மழை விட்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். பச்சை உடம்புக்காரி வெளியே போகக்கூடாது என்பதால் அத்தை என்னைக் கூப்பிட்டு, தன் தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்துக் கொடுத்து, பொம்மை இருந்த இடத்தில் வைக்கச் சொன்னாள். வளையல் இல்லாமல் கைகள் இரண்டும் மொட்டையாக இருந்தன. பயந்துகொண்டேதான் வாங்கினேன்.

மூங்கில் நட்டிருந்த குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் பக்கத்தில் சோற்றை வைத்துவிட்டு நகர்ந்தேன். நனைந்த காக்காய் ஒன்று, எங்கிருந்தது என்றே தெரியவில்லை, நேராக வந்து இறங்கியது. சோற்றைத் தொடாமல் தலையைச் சாய்த்து ஜன்னலையே பார்த்தது.

“வந்துச்சாடி?” என்று உள்ளேயிருந்து அத்தை கேட்டாள்.

“வந்துருக்கு அத்தை. ஒரே ஒரு காக்கா.”

அப்போதுதான் அத்தை அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குழந்தை விழித்துக்கொண்டு அதுவும் அழுதது. அந்த நேரத்துக்கு எனக்கு அவள் மேல் இருந்த பயமெல்லாம் போய் இரக்கமாகிவிட்டது. காவலுக்குப் பொம்மையும் இல்லை. பாத்தியில் மழைக்குத் தப்பிய கீரை கொஞ்சம்தான் நிற்கிறது. அதையும் காக்காய் கொத்திவிடும் என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். படலில் சாய்த்திருந்த கழியை எடுத்துக்கொண்டு கத்தியபடி ஓடினேன். அது லேசில் போகவில்லை. கிணற்று மேல் உட்கார்ந்தது, முருங்கையில் உட்கார்ந்தது, வேலியில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தது. வாய்க்காலைத் தாண்டி வயலுக்கு மேலே பறந்து மறையும் வரை விடாமல் விரட்டினேன்.

மூச்சிரைக்க ஜன்னலடியில் வந்து நின்று, அத்தைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

“போயிடுச்சு அத்தை, அழாதே. இனிமே வராது.”