சகலன் அராவிய குமிழ்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ரொறன்ரோவைச் சுற்றியிருக்கும் துப்பாக்கிச் சுடுகளங்களில் பழைய மாதிரி ரிவோல்வரைக் கையில் எடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ரகம்தான். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய துவக்கைப் பார்த்து அச்சு அசலாக இப்போது செய்து விற்கிறார்கள். கருமருந்தையும் ஈயக்குண்டையும் முன்பக்கமாக அடைத்து, பின்பக்கம், அடித்தால் பொறி தட்டும் சின்னச் செப்புத் தொப்பி மாட்டிச் சுட வேண்டும். முதல் நாள் பத்துக் குண்டு கண்டபடி போனதும், இது பொம்மை, இதால் குறி பார்த்துச் சுட முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். தங்கள் கை நடுங்கியதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

என் சகலன், அதாவது மனைவியின் தங்கை புருஷன், இந்தக் கூட்டத்துக்குத் தலைவன். வீடு யூனியன்வில்லில், வேலை மிசிசாகாவில் விமான நிலையத்தில். கைத்துப்பாக்கி விற்பதையும் வாங்குவதையும் அரசாங்கம் நிறுத்துவதற்குச் சில மாதங்கள் முன்னால், என்னைப் பார்த்துத் தானும் ஒரு ரிவோல்வர் வாங்கினான். இனி இன்னொன்று வாங்க முடியாது. இருக்கிற ஒன்றோடுதான் காலம் தள்ள வேண்டும். அப்படிப்பட்ட சாமானோடு ஒரு மனிதன் எவ்வளவு கவனமாகப் பழக வேண்டும்? அவன் பழகியதெல்லாம் வீடியோ பார்த்துத்தான்.

மருந்தை அள்ளி அள்ளிக் கொட்டுவான். புகை எவ்வளவோ வீரமும் அவ்வளவு என்று நினைப்பு. நான் அதில் பாதிதான் போடுவேன். ஆனால் மருந்து குறைந்தால் குண்டு உருளையிலிருக்கும் அதன் அறைக்குள் ஆழமாக இறங்கிவிடும், அங்கிருந்து குழலுக்குள் பாயும்போது நிதானம் தப்பும். அதனால் மருந்துக்கு மேல் கொஞ்சம் ரவை போட்டு மட்டத்தை உயர்த்த வேண்டும். உப்புமாவுக்கு வாங்குகிற அதே வெறும் ரவைதான். இதை அவனுக்குச் சொன்னேன். அடுத்த ஞாயிறு உப்புமா மிக்ஸ் பைக்கற்றோடு வந்து நின்றான். முதல் வெடியிலேயே மேசையெங்கும் கருகின கடுகு வாசம். பக்கத்து மேசை வெள்ளைக்காரர் மூக்கை உயர்த்தி, காலைச் சாப்பாடு தயாரா என்று கேட்டார். எனக்கு மானம் போய்விட்டது.

"எந்த ரவையெண்டால் என்ன அண்ணை, எல்லாம் ஒண்டுதானே?" என்றான்.

போன வருடம் எங்கள் துப்பாக்கிக் கழகப் போட்டியில் கடைசியாக வந்தான். அதன் பிறகு ஒரு பிறந்தநாள் விழா விடாமல், துவக்கு உயரமாக அடிக்கிறது என்று விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அது பொய்யில்லை. இந்த ரிவோல்வர்களில் அநேகமானவை இருபத்தைந்து மீற்றரில் ஒரு சாண் மேலேதான் அடிக்கும். என்னுடையதும் அப்படித்தான். நான் கறுப்பு வட்டத்துக்குக் கீழே, வெறும் வெள்ளைத் தாளைக் குறி பார்த்துச் சுடுகிறேன். ஆறு குண்டும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கும். எங்கே அடிக்கிறது என்பது வேறு, ஒரே இடத்தில் அடிக்கிறதா என்பது வேறு. இந்த வித்தியாசம் அவன் மண்டையில் ஏறவே இல்லை.

இந்த வருடப் போட்டியைப் பார்க்க அவனுடைய மகள் வருவதாகச் சொல்லியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், அப்பாவோடு வெளியே போய்ப் பல வருடங்கள். அவள் கண்முன்னால் மட்டும் கடைசியாக வரக் கூடாது என்பதுதான் அவனுடைய ஒரே கவலை. போட்டிக்கு முந்திய ஞாயிறு, களத்தில் எங்கள் மேசையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்தான்.

"மேல போகுதெல்லோ அண்ணை. முன்னுக்கு இருக்கிற குமிழைக் கொஞ்சம் குறைச்சுவிட்டால் குண்டும் கீழ இறங்கும்."

நேர் எதிர். குறி பார்ப்பதற்காகக் குழல் நுனியிலிருக்கும் அந்தப் பித்தளைக் குமிழ் குட்டையானால், அதைக் குறிக்கு நேரே கொண்டுவரக் குழலை இன்னும் தூக்க வேண்டும். குண்டு இன்னும் மேலே போகும். அராவுவதென்றால் பின்பக்கம், தொப்பியை அடிக்கும் சுத்தியலில் குறி பார்க்க இருக்கும் வெட்டைத்தான் ஆழமாக்க வேண்டும். எனக்கு இது நன்றாகத் தெரியும். "நில்லும்" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

நான் சொல்லவில்லை. உப்புமா மிக்ஸ்காரன் பட்டுத் தெளியட்டும் என்று நினைத்தேன். தேநீரை ஊற்றிக் குடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பித்தளை மஞ்சள் தூளாகக் கொட்டியது. ஒவ்வொரு தரமும் ஊதிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டினேன் என்றே நினைக்கிறேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பத்து நிமிடமும் எனக்கு நல்ல சந்தோஷம்.

பிறகு சுட்டான். ஆறு குண்டில் ஒன்றுகூடத் தாளில் படவில்லை. பின்னாலிருந்த மண்மேட்டின் உச்சியில் புழுதி கிளம்பியது. களப் பொறுப்பாளர் ஓடிவந்து நிறுத்தினார். குமிழைத் திருத்தும் வரை அந்தத் துவக்கை இங்கே சுடக் கூடாது என்றார். திருத்துகிறவரிடம் கிறிஸ்மஸ் வரை வரிசை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவன் வழக்கம்போலக் கத்துவான் என்று காத்திருந்தேன். என் பதிலும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவன் ரிவோல்வரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

"நான் பிழை விட்டதெண்டு நினைக்கேல்லை அண்ணை. நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள், பிழையெண்டால் விட்டிருக்க மாட்டீங்கள். உந்தச் சாமான்தான் சரியில்லைப் போல. மகளை வரவேண்டாமெண்டு சொல்லிவிடுறன்."

என்னுடையதைத் தருகிறேன் என்றேன். வேண்டாமென்று தலையசைத்தான். எனக்குத் தெரிந்திருந்தது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். தேநீர்ப் போத்தலை மூடிப் பையில் வைத்தேன். விட்பியில் என் வீடு வரும் வரை காரில் ஒரு பாட்டுக்கூடப் போடாமல் வந்தேன்.

அடுத்த ஞாயிறு போட்டியில் நான் முதலாவதாக வந்தேன். அவன் தனியாக வந்து கடைசி வரை நின்று கை தட்டினான். கழகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தமிழ்நாட்டுக்காரரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

"பழைய துவக்கைப் பற்றி என்ன சந்தேகமெண்டாலும் இவரைக் கேளுங்கோ," என்றான். "தெரிஞ்சதை ஒளிக்கிற ஆளில்லை."